உறையாத பால்

பால் உறையவில்லை.

ஷெட்டில் வரிசையாக இருந்த அலுமினியத் தட்டுகளில் ஒன்றை விரலால் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. இந்நேரம் கட்டித் தயிர் போலாகி, அழுத்தினால் விரலைத் திருப்பித் தள்ள வேண்டிய ரப்பர் பால், மரத்திலிருந்து இறக்கியபடியே கிடந்தது.

அடுத்த தட்டும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

மழை இல்லை. பாலில் தண்ணீர் கூடவில்லை. ஆசிட் ஊற்றியது என் கணவர் அவறாச்சன்; கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் செய்கிற வேலை. அவர் கை அளவு தப்பாது.

எனக்கு இதெல்லாம் இன்று எதற்கு? பெட்டி கட்டியாயிற்று. காஞ்சிரப்பள்ளியிலிருந்து அண்ணன் ஜீப் எடுத்து வருகிறான். கொஞ்ச நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவறாச்சன் கேட்கவில்லை. அதன் பிறகுதான் கிறிஸ்துமஸ் சேலையையும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

கர்க்கடக மாதத்து மழையில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று. போகும்போது மனிதரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முன்பெல்லாம் சமையலறையைக் கடக்கும்போது என் தலைமுடியில் முகத்தைப் புதைத்து, காய்ச்சிய எண்ணெய் வாசனையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவார். அடுப்பில் ஏதாவது கருகினாலும் விடமாட்டார்.

இப்போது சுவரோடு ஒட்டி நடக்கிறார்.

அவர் பிறந்தநாளுக்கு வாத்து வறுத்தேன். காகிதத்தை மெல்வதுபோல் மென்று, நல்லா இருக்கு என்றார். பயறு அடிப்பிடித்த அன்றும் அதே நல்லா இருக்குதான்.

கோபம் இருந்தால் சண்டை போடலாம். இவருக்கு என்மேல் ஒன்றுமே இல்லை.

இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆசிட் கேனைத் திறந்து, அதன்மேல் குனிந்து, ரொம்ப நேரம் நின்றார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. நான் போகிறேனே என்று அழுகிறாரா, போகாமல் இருந்துவிடுவேனோ என்று அழுகிறாரா? எனக்குப் புரியவில்லை.

இப்போது அந்தக் கேனை நானே திறந்தேன்.

மாட்டுத் தொழுவ நெடி முகத்தில் அடித்தது. ஆசிட் இல்லை. அமோனியா.

எங்கள் ஊரில் இரண்டும் எல்லா ஷெட்டிலும் இருக்கும். பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்க வேண்டுமானால் ஆசிட். பாலாகவே வண்டிக்குக் கொடுக்கிற மாதங்களில், வழியில் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா. பாலா டவுன் கல்லூரியில் நான் படித்த கெமிஸ்ட்ரி எனக்குக் கேட்காமலே நினைவுக்கு வந்தது. பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களுக்கெல்லாம் ஒரே மின்னூட்டம். அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிக்கொண்டே இருக்கிறவரைதான் அது பால். ஆசிட் அந்தத் தள்ளுதலை எடுத்துவிடும். அப்புறம் கிட்டே வந்தவை விடாமல் பிடித்துக்கொள்ளும். அமோனியாவோ கிட்டேயே வரவிடாது.

கேன்களை இடம் மாற்றியது நான்தான். போன வாரம் ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை. இங்கே யாரும் கேனில் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. மூடியைத் திறந்தால் குழந்தைக்கும் தெரியும். இரண்டும் மூக்கைச் சுடும், கண்ணில் நீர் வரவைக்கும், உண்மைதான். ஆனால் ஆசிட் கட்டெறும்பை நசுக்கினதுபோல் புளித்து நாறும். மற்றது தொழுவம்.

அவ்வளவு நேரம் குனிந்து நின்ற மனிதருக்கு எப்படித் தெரியாமல் போனது?

கேனை இறுக்கி மூடினேன். பிறகு சமையலறைக்குப் போய், மீன்சட்டியை அடுப்பில் ஏற்றி மூடி வைத்தேன்.

அவறாச்சன் தோட்டத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். கதவோரம் இருந்த பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அடுப்பைப் பார்த்தார்.

"குடம்புளி போட்டியா, லைசா? வாசல் வரைக்கும் மணக்குதுடி."

நான் மூடியை எடுத்தேன்.

வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய்யில் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி காது இரண்டும் சிவந்துவிட்டது. எப்போதிலிருந்து வாசனை தெரியவில்லை என்று கேட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு என்றார். தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாராம்.

"சோத்துல தெரியாதது போகட்டும்டி. உன் தலையில முகத்தை வச்சு, அங்கேயும் ஒண்ணுமே இல்லன்னா? அந்தப் பயத்துலதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்."

நான் அடுப்பை அணைத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, இந்த மனிதரின் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

கேன் மாறியதையும் பால் உறையாததையும் சொன்னேன். பால் மொத்தமும் போச்சா என்று மெதுவாகக் கேட்டார்.

"போகல, இச்சாயா. ஆசிட் கொஞ்சம் கூடுதலா ஊத்தணும், அவ்வளவுதான். நேரமானாலும் உறையும்."

ஏற்றத்தில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து என் பெட்டியைத் தூக்கினார். வாசலில் கொண்டுபோய் வைக்கத்தான்.

அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய மீன் பையை எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணன் சாப்பிட வர்றான். ஓடிப்போய் மத்தி வாங்கிட்டு வாங்க. நல்லா மோந்து பார்த்து..."

நிறுத்திக்கொண்டேன்.

"செவுளைப் பார்த்து வாங்குங்க."