மறுதரப்பு

நீதிமன்ற அறையின் உயரமான சன்னல் வழியே விழும் வெயில், எழுந்து நிற்கும் அம்மாளின் வெடித்த கைகள்மேல் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் துணி துவைத்த கைகள். போர்வைகள் காணாமல் போனபோது, ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். "ஆடி ஆல்ட்டெரம் பார்ட்டெம்" என்று லத்தீனில் முழங்குகிறார் அவளுடைய வக்கீல். அவள் பயபக்தியோடு கும்பிடுகிறாள். வக்கீல் குனிந்து, "மறுதரப்பு சொல்றதையும் காது குடுத்துக் கேளுன்னு அர்த்தம்மா, அவ்வளவுதான்" என்று கிசுகிசுக்கிறார். "இதைத்தானே ரெண்டு வருஷமா நான் கெஞ்சிக்கிட்டிருக்கேன்!" என்கிறாள். நீதிபதி நிமிர்ந்து, "உங்க பக்கத்தைச் சொல்லுங்கம்மா" என்கிறார். அவள் உதடுகள் அசைகின்றன. தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறி குரலை விழுங்கிவிடுகிறது. நீதிபதி எழுத்தரைப் பார்த்துக் கையசைக்கிறார். மின்விசிறி முனகி, தளர்ந்து, நிற்கிறது. படபடத்த தாள்கள் அடங்குகின்றன. கறுப்பு அங்கிக்குள் வேர்த்து வழிய, பேனாவை மூடிவைத்துவிட்டு, நீதிபதி முன்னால் சாய்ந்து காத்திருக்கிறார். அந்த நெற்றியில் உருளும் வியர்வையையே பார்க்கிற அவளுக்குக் கண் நிறைகிறது. புறங்கையால் அழுந்தத் துடைத்துக்கொள்கிறாள். "ஐயா, நீங்க ஃபேனைப் போட்டுக்கோங்க," என்கிறாள், வராந்தா வரைக்கும் கேட்கும்படி. "நான் சத்தமாவே சொல்றேன்."