ஓட்டை விழுந்த ஒட்டு

“இதென்ன ஜீவராணி, வெல்டிங்கா அரிதட்டா?”

சிறில் மாஸ்டர் இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். கொட்டாஞ்சேனைப் பயிற்சிக்கூடமே திரும்பிப் பார்த்தது.

“அக்கா, தையல் கிளாஸ் அடுத்த ஒழுங்கையில,” என்றான் ஒருவன். பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜீவராணிக்கு உடம்பு கூசியது. நாற்பது தாண்டி மிக் வெல்டிங் பழக வந்தவள் அவள் ஒருத்திதான். மேசையில் வைத்து ஒட்டும்வரை ஒரு குறையுமில்லை. அண்ணாந்து நின்று தலைக்கு மேலே ஒட்டத் தொடங்கியதிலிருந்துதான் இப்படித் தினமும் மானம் போகிறது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற றொஹான் சிரிக்கவில்லை. அவன் அவள் பக்கம் பார்ப்பதே இல்லை. முதல் நாளே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டான்.

“உள்ளுக்கு என்னோட கதைக்க வேணாம். பொடியன்கள் பகிடி பண்ணுவாங்கள்.”

அவளும் கதைக்கவில்லை. தன்னால் அவனுக்கு ஏன் வெட்கக்கேடு?

“சேர், இன்னொருக்கா ஒட்டிப் பாக்கிறன்.”

“இதுதான் கடைசி. வத்தளை ஃபெக்டரி வேலைக்கு இண்டைக்குப் பேர் குடுக்க வேணும். இதுவும் பிழையாப் போனா உங்கட பேரை வெட்டிப்போடுவன். கோவிக்க வேணாம்.”

முகமூடியை இறக்கினாள். உள்ளே அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல். கை நடுங்காமல், மூச்சைப் பிடித்து ஒட்டி முடித்தாள். முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். அதே ஓட்டைகள்.

“எனக்கு இது சரிவராது சேர். பேரை வெட்டுங்கோ.” கையுறையைக் கழற்றினாள்.

தகட்டைப் பார்க்கக் கிட்ட வந்த மாஸ்டர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். “எங்கயிருந்து காத்து வருது?”

தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சின்ன ஃபேன் ஒன்று தடுப்பின் இடைவெளியால் அவள் முதுகைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. தடித்த ஜாக்கெட்டுக்குள் அவளுக்கு அது தெரியவே இல்லை.

“காத்துப் பட்டா, உருகின இரும்பை மூடுற காஸ் பறந்திடும், ஓட்டைதான் விழும்! பிழை உங்கடையில்ல ஜீவராணி, திரும்ப ஒட்டுங்கோ. ஆரடா இதை வச்சது? இந்த மனிசியைக் கலைக்கவா?”

சிரிப்பு நின்றது. றொஹான் முகமூடியைத் தூக்கினான். முகமெல்லாம் வியர்வை.

“காஸ் பறக்கும் எண்டு எனக்குத் தெரியாது சேர்,” என்றான் தலைகுனிந்து. “வேர்த்துக் களைச்சா அம்மாவுக்கு மயக்கம் வரும்.”