கொன்றது மருமகன்தான்

"கொன்னது வக்கீலா? யாரு சொன்னா உனக்கு?"

ஆங்கிலப் பேராசிரியர் இளையபெருமாள் விடைத்தாளை மாணவி அஃப்ரின் முகத்துக்கு நேராக ஆட்டினார். பெரம்பலூர்க் கல்லூரியின் ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது.

விக்டோரியா ராணி காலத்துத் துப்பறியும் நாவல் ஒன்று இந்த வருஷம் பாடமாக வந்திருந்தது. போதாத காலம், அதே கதை தமிழ் டப்பிங்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டி.வி.யிலும் ஓடியது.

"நாப்பத்தேழு பேரு மருமகன்தான் கொன்னான்னு எழுதியிருக்காங்க. நான் குடுத்த நோட்ஸ்லயும் அதான் இருக்கு. நீ ஒருத்தி மட்டும் வக்கீல்ங்கிற! டி.வி.க்காரன் இஷ்டத்துக்குக் கதைய மாத்துவான். அதைப் பாத்துட்டு வந்து இங்க எழுதுவியா?"

"எங்க வூட்ல டி.வி.யே இல்லங்க சார். அத்தா வேணாம்னுட்டாங்க."

"ஊரு லெப்பைக்குடிக்காடு. அப்பா துபாய்ல. ஆனா வீட்ல டி.வி. இல்ல. யாரு காதுல பூ சுத்துற?"

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

"அல்லா மேல ஆணையா நாவலப் படிச்சுதான் சார் எழுதினேன்..."

"நானூறு பக்கம்! பொடிப் பொடி எழுத்து! அதை நீ படிச்ச, நான் நம்பணும்!"

அஃப்ரின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்டர்னலில் முட்டை வாங்கினால் செமஸ்டர் பரீட்சையே எழுத விடமாட்டார்கள். ஒரு வருஷப் படிப்பு பாழ்.

"சரி, போனாப் போவுது. டி.வி. பாத்து எழுதிட்டேன்னு மன்னிப்பு லெட்டர் குடு. வக்கீல அடிச்சுட்டு மருமகன்னு எழுது. பாஸ் போட்டு விடறேன்."

அஃப்ரின் அழுதுகொண்டே வக்கீலை அடித்தாள். மருமகனை எழுதினாள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, முக்காட்டால் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

பக்கத்து மேஜை சிந்து மேடத்துக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம் சார் அந்தப் புள்ள. அந்த நாவலைக் கொஞ்சம் குடுங்களேன், நானும் படிச்சுப் பாக்கறேன்."

இளையபெருமாள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்கிட்ட ஏதுங்க மேடம்? நம்ம லைப்ரரியில இருக்கறதே ஒரு காப்பி. அதையும் எந்தப் புண்ணியவதியோ ரெண்டு மாசமா எடுத்துட்டுப் போயி வெச்சிருக்கா. என் குட்டு வெளிய வந்துடக்கூடாதேன்னுதான் முந்திக்கிட்டு டி.வி. பழிய அந்தப் புள்ள மேல போட்டேன். ஞாயித்துக்கிழமை தவறாம டி.வி. பாத்துல்ல நோட்ஸே குடுத்தேன்!"