இரண்டு தட்டு

மருத்துவமனையின் பின்னறையில், நீல ஜூடோ விரிப்பின் மேல் தையல்காரி மல்லாந்து கிடக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் பாதத்தில் விழுகிறது. பக்கத்தில் முழங்கால் ஊன்றிய மனநல ஆலோசகர், இருபது வருடம் ஜூடோ ஆடிக் காது மடல் தடித்துப்போன பெண், அவள் மணிக்கட்டைப் பிடித்து விரிப்போடு அழுத்துகிறார். "ரெண்டு தட்டு தட்டினா விட்டுடுவேன் அக்கா. ஏன்னு கேக்க மாட்டேன். இங்க அதுதான் சட்டம்." தையல்காரி பதினோரு வருடக் குடித்தனத்தில் இதே கையை விடச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருக்கிறாள். கத்தக் கத்தப் புருஷன் பிடி இறுகியதுதான் மிச்சம். நகக்கண்ணில் சாக்பீஸ் தூள் படிந்த அவளுடைய இன்னொரு கை மெல்ல எழுகிறது. துணியில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுகிற மாதிரி விரிப்பை ஒரு தரம் தொடுகிறது. இரண்டாவது தட்டுக்கு முன்பே பிடி விட்டுப்போகிறது. "ஒண்ணுதான் தட்டினேன்," என்கிறாள், தப்பு செய்துவிட்டவள் போல. "அதுவும் சத்தமே வரல." "எனக்குக் கேட்டுச்சு." அவள் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சிவக்கக்கூட இல்லை. பிறகு அதைத் தானாகவே விரிப்பின் மேல் வைக்கிறாள். "இன்னொரு தடவை பிடிங்க மேடம்."