கிளட்ச் மிதித்த கால்

லாரியின் அடியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக், மாமியாரோடு நின்றிருந்த மருமகனை முறைத்தார்.

“ஆக்சில் முறுக்கி முறுக்கி ஸ்பிரிங் பட்டையே தளர்ந்துபோச்சு. முறுக்கைத் தடுக்க டிராக்‌ஷன் பார் போடணும். குட்டையா, நீளமாங்கிறது ஓட்டுற காலைப் பொறுத்தது. மேட்டுல கிளட்சை எப்படி விடுவீங்க, தம்பி?”

மருமகன் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மாமியாரின் முகம் கறுக்கும். பொய் சொன்னால் தவறான பார் ஏறும், பாரத்தோடு மலையேறும்போது ஸ்பிரிங் உடையும்.

“மெ... மெதுவாத்தான்.”

“அப்போ குட்டையே போதும்.” மெக்கானிக் அதைக் கையில் எடுத்துவிட்டார்.

வீட்டிலிருக்கும் கைக்குழந்தை நினைவுக்கு வந்தது. மருமகன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“இல்லைங்க! டமால்னுதான். பின்சக்கரம் தவளை மாதிரி குதிக்கும்.”

“அப்படிச் சொல்லுங்க! அது காலா, உலக்கையா? லைசென்ஸ் குடுத்தவனைக் கட்டிவெச்சு உதைக்கணும். ஏம்மா, பொண்ணு வாழ்க்கையை நினைச்சாவது நீங்க கண்டிக்கக் கூடாதா?”

மாமியாரின் உதடுகள் ஒருகணம் துடித்தன.

“நீளமானதையே போடுங்க,” என்றார் வறண்ட குரலில்.

வேலை முடிந்தது. மெக்கானிக் சாவியை மருமகனிடம் நீட்டினார். குறுக்கே புகுந்த மாமியாரின் கை அதை வெடுக்கென்று பறித்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அந்தப் பக்கம் ஏறுங்க, மாப்பிள்ளை. என் உலக்கையைப் பத்திப் போற வழியில பேசிக்கலாம்.”