சோதனை மீன்

“அம்மாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கப்பா. இருக்குன்னா காத்திருக்கலாம்.”

ரூ-யிங் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் கூடத்துக் கட்டிலில் கிடந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

அப்பா குன்-டே ஆறடிக் கண்ணாடி மீன் தொட்டியின் மூலைகளில் விரலை ஓட்டி, எங்காவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடமாக மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கிடந்த தொட்டி அது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர், திடீரென்று வேலையை விட்டார். அதே மாதம் மீன்களையும் பவளங்களையும் யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, தொட்டிக்குத் துணி சுற்றி மேலே ஏற்றிவிட்டார். ஏன் என்று கேட்டால், “கரண்ட் பில் கட்டி மாளல” என்றார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த அன்று, அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நம்ம தொட்டியில அந்த ஆரஞ்சு மீன் ரெண்டும் ஓடுமே, அப்படி இன்னொரு தடவை பாத்துட்டாப் போதும்.”

தைபேயில் வேலை பார்த்த ரூ-யிங், லீவு சொல்லிவிட்டுக் காவ்சியுங்கில் இருந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். நாலு பேர் பிடித்துத் தொட்டியை இறக்கினார்கள். புது சிலிக்கான் பூசி, பாறைகளைத் தேய்த்துக் கழுவி அடுக்கி, உப்புக் கரைத்து நிரப்பினார்கள். பம்பை மாட்டிக் கொடுத்த மீன் கடைக்காரன் அ-பாவ் சொன்ன யோசனையில்தான் சண்டை ஆரம்பித்தது.

“அண்ணே, பழைய தொட்டி, காஞ்ச பாறை. தண்ணிக்குள்ள என்ன விஷம் ஊறுதோ, யாருக்குத் தெரியும்? ரெண்டு நீல மீன் தர்றேன். முதல்ல அதுங்கள இறக்கிப் பாருங்க. ஒண்ணும் ஆகலேன்னா மத்ததப் போடலாம்.”

“செத்துட்டா?” என்றார் அப்பா.

“வேற ரெண்டு தர்றேன். ஒரு பால் டீ காசுதானேண்ணே! எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. அதுக்குப் பேரே சோதனை மீனுதான்.”

“வேண்டாம்.”

செத்த இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டி உள்ளே போட்டார் அப்பா. அது அழுகி, விஷத்தைத் தின்னும் கிருமிகள் பெருகி, தண்ணீர் தானாகப் பக்குவப்பட வேண்டும். அதற்குத்தான் ஆறு வாரம்.

“காலையில மீன் கஞ்சி ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே, அது மீன் இல்லையா? இந்த மீன் மேல மட்டும் என்ன திடீர்க் கருணை?” என்றாள் ரூ-யிங்.

“விடும்மா,” என்று சிரித்தான் அ-பாவ். “அண்ணன் மொட்டையடிச்சு மடத்துல சேரப் போறாரு போல.”

அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

தினமும் காலையில் சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். பச்சை என்றால் விஷம்.

“இன்னைக்கு என்ன கலர்?” என்பாள் அம்மா.

“பச்சை.”

“சரி.”

இரண்டாவது வாரம் அம்மா கஞ்சியை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் கேட்பதையும் நிறுத்தினாள். கல்லும் தண்ணீருமாக நின்ற தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கிடந்தாள். அப்பா மட்டும் குப்பியை விடவில்லை. இப்படி ஒரு மனுஷனோடு முப்பத்தைந்து வருஷம் அம்மா எப்படித்தான் குடித்தனம் நடத்தினாள் என்று ரூ-யிங் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

நாலாவது வாரம் ஊசி போட வந்த நர்ஸ் அவளை வாசலுக்கு அழைத்து, “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க,” என்றாள்.

ரூ-யிங் நேரே அ-பாவ் கடைக்குப் போனாள். திரும்பும்போது கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே இரண்டு நீல மீன்கள்.

“அப்பா மருந்து வாங்கப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள இதுங்கள விட்டுடறேம்மா. தாக்குப்பிடிச்சா நாளைக்கே உன் ஆரஞ்சு மீன்.”

பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

“விடாதே.”

நாலு நாளாக வாய் திறக்காத அம்மா.

“உனக்காகத்தானேம்மா! கட்டின பொண்டாட்டிய விட அவருக்கு ஒரு பால் டீ மீன் ஒசத்தியாப் போச்சா?”

“மீனுக்காக இல்லடி...” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “உங்கப்பா வேலைய விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பட்டறையில வெல்டர் ஒருத்தன் செத்தானே, ரெண்டு பிள்ளைக்காரன். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கப்பலின் அடியில், வருடக்கணக்காக மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டி. உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை. பேப்பரில்கூட வந்தது.

“அவன் யார்கிட்டயும் சொல்லாம, தானாத்தானேம்மா உள்ள இறங்கினான்? விசாரணையில அப்பாவே அப்படித்தானே எழுதிக் கொடுத்தாரு?”

அம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘முதல்ல நீ இறங்கிப் பாரு, ஒண்ணும் ஆகலேன்னா நாங்க வர்றோம்’னு அவனை அனுப்பினதே உங்கப்பாதான்.”