நாலு பெட்டிச் சத்தம்

அரிவாள் அரவிந்த்குமாரின் இடது கைச் சுண்டுவிரல்மேல் இருந்தது. அவன் மணிக்கட்டை மேடைப் பலகையோடு சேர்த்துச் செருப்புக் காலால் மிதித்திருந்தார் திருப்பதி.

"நாலு பெட்டி மாட்டுறியா, இல்ல நாலு வெரலோட ஊருக்குப் போறியா?"

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரின் திருவிழா மேடை அது. திருப்பதி விழாக் கமிட்டித் தலைவர். அரவிந்த்குமார் திருச்சியிலிருந்து பாட்டுக் குழுவோடு வந்த கிட்டார்க்காரன்.

அவனுடைய ஆம்ப்புக்கு மேடையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றன. மதியம் சவுண்ட் செட் கண்ணனும் டிரைவர் மூக்கனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படியில் இரண்டு தடவை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி ஏற்றிய பெட்டிகள். ஆனால் போன வாரம் பக்கத்து ஊர் மேடையில் நாலு நின்றதாம். அந்த வயிற்றெரிச்சல்தான் இப்போது அரிவாளோடு வந்திருந்தது.

"அண்ணே, சொன்னா கேளுங்கண்ணே. இந்த ஆம்ப்பு ரெண்டு பெட்டிக்குத்தான் தாங்கும். நாலு மாட்டுனா ஓம்ஸ் பாதியாயிரும். அளவுக்கு மீறி கரண்ட் இழுத்து உள்ளயே எரிஞ்சு போயிரும்."

"எரியட்டும்."

அந்த ஆம்ப்பை வாங்க அவனுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அது போனால் எந்தக் குழுவிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். விரல் போனாலும் சேர்க்க மாட்டார்கள்.

கண்ணன் கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். "தம்பி சொல்றது நெசம்ணே. ரெண்டுக்கு மேல மாட்டவே கூடாதுண்ணே."

"நீ யார்றா கூடாதுங்கிறதுக்கு?"

திருப்பதி கண்ணைக் காட்டினார். பந்தலில் மிச்சமிருந்த சவுக்குக் கட்டையை உருவிக்கொண்டு இரண்டு பேர் மேடையில் ஏறினார்கள். முதல் அடி கண்ணனின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் புருவம் கிழிந்து ரத்தம் மைக் வயரில் சொட்டியது. முன்வரிசையில் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்தவில்லை.

சவுண்ட் மிக்சர் மேசைப் பக்கத்தில் நின்ற கண்ணனின் மனைவி பொற்கொடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது அடி முதுகில் விழுந்து கண்ணன் குப்புறச் சாய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நிறுத்துங்க! அந்தாள விட்ருங்க. டெம்போவுல இன்னும் ரெண்டு பெட்டி கெடக்கு. எடுத்தாரேன்."

"அக்கா, வேணாங்க்கா! என் பொழப்பே போயிரும்க்கா!"

பொற்கொடி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. டெம்போவுக்குப் போனாள். ஒரு பெட்டியைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், வைத்தாள். மறுபடி போய் இன்னொன்றையும் அப்படியே கொண்டு வந்தாள். கட்டியவன் ரத்தத்தைப் பார்த்தால் பெண்களுக்கு எங்கிருந்துதான் அந்த வலு வருகிறதோ!

பெட்டிக்குப் பெட்டி வயரைச் செருகினாள். இப்போது வரிசையாக நாலு பெட்டி. அரவிந்த்குமார் அவளை மனசுக்குள் வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான்.

திருப்பதி காலை எடுத்தார். "இங்கிட்டு வந்து நில்லு. வாசி."

வீங்கிய மணிக்கட்டோடு கிட்டாரை மாட்டினான். கம்பியை ஒவ்வொரு தடவை மீட்டும்போதும் புகை வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினான். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டும் முடிந்தது. ஆம்ப்பைத் தொட்டுப் பார்த்தான், எப்போதும் இருக்கிற சூடுதான் இருந்தது.

கீழே திருப்பதி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குதித்தார். "அதிருது பார்றா! இப்பத்தான்டா நெஞ்சு அதிருது! இதுக்குப் பேருதான் சத்தம்!"

ஊரே விசிலடித்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் திருப்பதி மேடையேறி, புருவத்தில் ரத்தம் காயாத கண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். கண்ணனும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து சாமான்களை ஏற்றும்போது அரவிந்த்குமாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்தத் தடவை ஆம்ப் தப்பித்தது அதிர்ஷ்டம் என்று நினைத்தான். பொற்கொடி கொண்டு வந்த பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினான்.

தூக்கிய வேகத்தில் பெட்டியோடு மல்லாக்க விழுந்தான். அது காற்றாய்க் கிடந்தது.

பின்பலகை ஓட்டை வழியாக உள்ளே பார்த்தான். ஸ்பீக்கர் இல்லை. வயர் போய்ச் சேர உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பலகைதான். அடுத்த பெட்டியிலும் அப்படித்தான். கடைசிவரை பாடியது பழைய இரண்டு பெட்டிகள் மட்டுமே.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அண்ணே, கையில காலிப் பெட்டிய வச்சுக்கிட்டு எதுக்குண்ணே இவ்வளவு அடி வாங்குனீங்க? கேட்ட ஒடனே எறக்கியிருக்கலாம்ல?"

கண்ணன் பொன்னாடையின் நுனியால் புருவத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்ட ஒடனே எறக்குனா, ஆறு பெட்டி கேப்பாங்க தம்பி."